பிரிக்க வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்: வீட்டில் ஒட்டுப் போர்வை தைப்பவர்களுக்கு

ரவிக்கை தைக்கிற வீட்டில் பணம் மிஞ்சுகிறதோ இல்லையோ, துணி மிஞ்சும். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் பை பையாக இருக்கிறது. 2 பை 2 ரூபியா, லைனிங், கலம்காரி, இளம்பிள்ளைச் சேலையோடு வரும் பிளவுஸ் பிட்டில் வெட்டியது போக மீந்தது எல்லாம் அதில் உண்டு. (கேட்டு வாங்கியதுதான். சொல்லாமல் எடுப்பதில்லை.) இவற்றை ஒட்டுப் போட்டுப் போர்வையாகத் தைத்து, ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கும், தெருவில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் கொடுப்பது என் வழக்கம். இப்போது தெருப் பெண்கள் சிலரும் தைக்கத் தொடங்கிவிட்டார்கள். பாதியில் நின்ற போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, இதைப் பிரிக்கணுமா?"

என் பதிலும் அநேகமாக ஒன்றுதான். துவைத்தால் அந்த இடம் விட்டுப்போகுமா, கால் விரல் மாட்டுமா என்று பார். ஆமாம் என்றால் யோசிக்காமல் பிரி. கண்ணுக்கு மட்டும்தான் உறுத்துகிறது என்றால், தரையில் விரித்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பார். அங்கிருந்து தெரியவில்லையா? மேலே தை. அநாவசியமாகப் பிரித்துப் பிரித்தே துணி நைந்துபோன போர்வைகளைப் பார்த்திருக்கிறேன். பழைய ரூபியா எல்லாம் ரெண்டு முறைக்கு மேல் பிரித்தால் தாங்காது.

ஆனால் பாதிப் பிரச்சினை தையலில் வருவதில்லை, துணி எடுக்கும்போதே வந்துவிடுகிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சேலத்துக்கா, ஏற்காட்டுக்கா?

சித்திரையிலும் வைகாசியிலும் சேலத்தில் ஃபேன் ஓடும்போதே முதுகு நனையும். இங்கே பஞ்சு வைத்த போர்வை தைத்தால் அது பீரோவுக்குள்தான் தூங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் கதை வேறு. 1,500 மீட்டர் உயரம், மார்கழியில் சாயங்காலமே குளிர் ஏறிவிடும். ஆக, டிசைன் என்ன, கலர் என்ன என்பதற்கு முன்னால் யார் போர்த்தப் போகிறார்கள், எந்த ஊரில் என்று முடிவு செய்யுங்கள். நடுவில் என்ன வைப்பது, எவ்வளவு நெருக்கமாகத் தைப்பது, எந்தத் துணியை ஒதுக்குவது எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

சேலத்துப் போர்வைக்கு நடுவில் ஒரு பழைய நூல் வேட்டி போதும். அதுகூட வேண்டாம் என்றால் மேல் துணி, அடித்துணி என்று ரெண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வட கர்நாடகத்தில் கௌதி என்று தைக்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். பஞ்சு கிடையாது, பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். தோய்த்துத் தோய்த்து மெதுவாகும் போர்வை அது.

ஏற்காட்டுக்கு மெத்தைக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பாலியெஸ்டர் ஷீட் வாங்குகிறேன். பருத்திதானே நல்லது என்று சிலர் கேட்பார்கள். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பனிமூட்டத்தில் பருத்திப் பஞ்சு காயவே காயாது, காயாத போர்வையில் பூஞ்சணம் பிடிக்கும். பாலியெஸ்டர் சட்டென்று காயும். வாங்கும்போது ரெண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கால் இஞ்சுக்குள் அடங்க வேண்டும். அடங்காத ஷீட் வீட்டு மிஷினின் பாதத்துக்கு (ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிப்பது) அடியில் நுழையாது. இலவம்பஞ்சை மட்டும் வைத்துவிடாதீர்கள். தலையணைக்கு அதைப்போல வராது. போர்வைக்குள் வைத்தாலோ முதல் தோய்ப்பிலேயே மூலைக்கு மூலை உருண்டு நிற்கும்.

கணக்கு

மூன்றடிக்கு ஆறேகாலடி ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 85 இஞ்ச் போர்வை சரியாக இருக்கும். ரெண்டு பக்கமும் ஓர் அடி தொங்கும். ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் இஞ்ச் போகும் என்பதால், தைத்தபின் 5 இஞ்ச் வரவேண்டிய சதுரத்தை ஐந்தரையாக வெட்ட வேண்டும். குறுக்கே 12, நெடுக்கே 17, மொத்தம் 204 துண்டு. அடித்துணி நான்கு பக்கமும் 4 இஞ்ச் கூடுதலாக, அதாவது 68க்கு 93 வேண்டும். இதற்குப் புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. ஐந்தரை மீட்டர் நூல் சேலை ஒன்றை 93 இஞ்ச் நீளத்தில் ரெண்டாக வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் போதும், மிச்சமும் இருக்கும். ஓரத்துப் பட்டிக்கு முக்கால் மீட்டர் தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கலர் கிடைக்காது.

வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், பாலியெஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது. ரெண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் தோய்ப்பில் ஒன்று இழுக்க, இன்னொன்று பொம்மிக்கொண்டு நிற்கும். அதற்கு அப்புறம் வைத்தியம் இல்லை.

கலர் பிடிக்கிறதா, எடுக்கிறதா?

"எல்லாம் நல்ல கலர்தான் அக்கா, ஆனா சேர்த்தா மங்கலா இருக்கு" என்பார்கள். சேலைக்குப் பார்டர் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ, எம்.எஸ். புளூ நான்கும் கடையில் தனித்தனியாகக் கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான்கும் இருட்டு. போர்வையை எடுத்துக் காட்டுவது கலரைவிட வெளுப்பும் அழுத்தமும்தான். சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. துண்டுகளைத் தரையில் பரப்பி, போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சந்தனம், வெண்ணெய், வெளிர் ரோஸ் என்று கால் பங்காவது உள்ளே வரவேண்டும்.

பரப்பும்போது நான் முதலில் அழுத்தமான துண்டுகளை ஒன்றை ஒன்று தொடாமல் அங்கங்கே வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றி வந்து உட்காரும். கிளிப்பச்சை மாதிரி ஒட்டாத கலர் ஒன்று இருந்தால், ஓர் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். அது தவறி விழுந்ததுபோல இருக்கும். மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்தால் வேண்டுமென்றே வைத்ததாகிவிடும். ஜரிகை உள்ள துண்டுகளைக் கால் பக்கத்துக்கு அனுப்புங்கள், கன்னத்தில் உரசினால் தூக்கம் போகும். பரப்பி முடிக்கிற வரை ஃபேனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். மே மாதத்தில் இதைச் செய்வது ஒரு தவம்! அதனால் விடியற்காலையில் செய்கிறேன். முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திவிட வேண்டும்.

மேல் துணி முழுக்கத் தைத்தபின் மங்கல் தெரிந்தால்? அப்போதும் பிரிக்க வேண்டாம். ரெண்டு மூன்று இடத்தில் மேலிருந்து கீழாக நேராக வெட்டி, நடுவே ரெண்டு இஞ்ச் வெளிர் பட்டை வைத்துச் சேர்த்துவிடுங்கள். அகலமும் கூடும், கண்ணுக்கும் இடம் கிடைக்கும். வெட்டக் கை நடுங்கும், வெட்டிவிடுங்கள்.

பட்டும் நூலும் சேரும்போது

என்ன துணி என்று தெரியாத பிட்டிலிருந்து ஓர் இழை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அசல் பட்டில் முடி பொசுங்கும் வாசம் வரும். உருகும் வகைக்குச் சூடான அயர்ன்பாக்ஸ் ஆகாது, மேலே ஒரு நூல் துணி போட்டு இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும்.

வழுக்குகிற துணிக்கும், கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டி இழுபடும் துணிக்கும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் என் மருந்து. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு ஸ்ப்ரே டப்பாவுக்குக் காசு கொடுப்பானேன்? ஒரு பெரிய கரண்டி ஜவ்வரிசியை ரெண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடிபோல ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, துணியில் பூசிக் காயவிட்டுத் தேய்த்தால் காகிதம்போல வெட்ட வரும். தறிக்குப் பாவு போடும் வீடுகளில் பிறந்தவர்களுக்குக் கஞ்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிசிறு விடும் ஆர்ட் சில்க்குக்குக் கஞ்சி மட்டும் பத்தாது. பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் (தேய்த்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும்) வைத்து, தையலுக்குக் கால் இஞ்சுக்குப் பதில் அரை இஞ்ச் விடுங்கள். அதற்கு ஏற்ப அந்தத் துண்டை மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். துவைத்தால் விட்டுப்போகும் இடம் என்று சொன்னேனே, அதில் முதலில் வருவது இதுதான்.

கால் இஞ்ச்

ரவிக்கையில் அரைக்கால் இஞ்ச், அதாவது எட்டில் ஒரு பங்கு, கூடக் குறைய இருந்தால் கொக்கியில் சரிக்கட்டிவிடலாம். இங்கே முடியாது. ஒவ்வொரு துண்டிலும் மாகாணி இஞ்ச், அதாவது பதினாறில் ஒரு பங்கு, அதிகமாகப் பிடித்தாலே ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச் போகும். 12 சதுரத்தில் 11 தையல், ஒன்றேகால் இஞ்சுக்கு மேல் வரிசை குறைந்துவிடும். ஒரு வரிசையைச் சரியாகவும் அடுத்ததைத் தாராளமாகவும் பிடித்தால் எப்படிச் சேரும்?

பாத ஓரத்தை நம்பாதீர்கள், கறுப்பு மிஷின்களில் பலவற்றுக்கு அது கால் இஞ்ச் கிடையாது. ஊசியை இறக்கி, அங்கிருந்து கால் இஞ்ச் அளந்து, மிஷின் மேடையில் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பிறகு ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருந்தால் ஆரம்பிக்கலாம். இல்லை என்றால் பிளாஸ்திரியைத் தள்ளி ஒட்டுங்கள்.

முதல் வரிசையில் தையல் ஓரங்களை வலப்பக்கம் மடித்துத் தேய்த்தால் அடுத்த வரிசையில் இடப்பக்கம். ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது மேடும் மேடும் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், முனை தானாகச் சேரும். அப்படியும் சேராத முனை அரைக்கால் இஞ்சுக்குள் இருந்தால் நான் தொடமாட்டேன். அதற்கு மேல் இருந்து, வெளுப்பும் அழுத்தமும் சந்திக்கிற இடமாகவும் இருந்தால், அந்த முனைக்கு இப்புறம் ஓர் இஞ்ச், அப்புறம் ஓர் இஞ்ச் மட்டும் பிரித்து, பின் குத்தித் திரும்பத் தைப்பேன். வரிசை முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. பிரிக்கும்போது ஒரு பக்கத்தில் நாலு தையலுக்கு ஒன்று வெட்டிவிட்டு மறுபக்க நூலை உருவினால் துணி கிழியாது.

வளைந்த கோட்டைக் கண்டு பதறுபவர்களுக்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைப் படங்களைப் போனில் காட்டுவேன். வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளில் தைத்தவை, கோடு எதுவும் நேராக இருக்காது. 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள், கோடு வளைந்திருக்கும், தையல் விட்டிருக்காது.

ஓரம் நெளிந்தால்

எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி போன தையில் போர்வையோடு வந்தாள்.

"அக்கா, நடுவுல நல்லாத்தான் இருக்கு. பார்டர் வெச்சதும் ஓரம் அப்பளம் மாதிரி நெளியுது."

"பார்டரை அளந்து வெட்டினியா, தைச்சுட்டு வெட்டினியா கண்ணு?"

"தைச்சுட்டு, மிச்சத்தை வெட்டினேன்."

பத்துக்கு எட்டுப் பேர் செய்வது இதுதான். துணியைப் பார்த்துக்கொண்டே ஓடவிட்டால் மிஷின் பார்டரைக் கூடுதலாகத் தின்னும். டேப்பை எடுத்து அளந்தோம். பார்டர் தைத்த இடது ஓரம் 60, வலது ஓரம் அறுபதேகால், நட்டநடுவில் ஐம்பத்தெட்டரை. நடு அளவுதான் உண்மையான அளவு. பார்டர் ரெண்டையும் பிரித்து, ஐம்பத்தெட்டரைக்கே வெட்டச் சொன்னேன். பார்டரை நாலாக மடித்துக் குறி வைத்து, போர்வை ஓரத்தையும் நாலாக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி பின் குத்தினாள். அவளே கேட்டாள், ஓரம் ஒன்றரை இஞ்ச் கூட இருக்கிறதே, அது எங்கே போகும் என்று. தளர்ந்திருக்கும் பக்கத்தைக் கீழே போட்டுத் தைக்க வேண்டும். துணியை நகர்த்தும் மிஷின் பல்லு கீழே இருக்கும் துணியைச் சற்றுக் கூடுதலாக இழுத்து உள்ளே வாங்கிக்கொள்ளும். நடுநடுவே நிறுத்திப் பின்னை எடுத்தபடி தைத்தாள். தண்ணீர் தெளித்து, இழுக்காமல் அழுத்தித் தேய்த்ததும் படிந்துவிட்டது. மூன்று இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இது பலிக்காது, வரிசைத் தையலையே திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி மொசைக் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நாலு ஓரத்தையும் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் ஷீட், அதன்மேல் தைத்த துணி. நாலு இஞ்சுக்கு ஒரு சேஃப்டி பின். இந்த வேலையில் முதுகு ஒடியும், ஆனால் இதில் சோம்பல் பட்டால் பின்பக்கம் மடிப்பு விழுந்தே தீரும். தையலை நடுவிலிருந்து வெளியே கொண்டு போங்கள். கோடுகளை எல்லாம் ஒரே திசையில் ஓட்டுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று ஓட்டினால் இடையில் துணி கோணலாக முறுக்கும். வாக்கிங் ஃபூட் (மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்தே நகர்த்தும் பாதம்) கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நேர்கோட்டுக்கு அது போதும். கிடைக்காவிட்டால் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, தையலைப் பெரிதாக்கி, மெதுவாக மிதியுங்கள்.

பின்பக்கம் மடிப்பு விழுந்துவிட்டதா? அதன் மேல் கை விரலை ஓட்டுங்கள். விரல் மாட்டினால் கால் விரலும் மாட்டும். மடிப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் பிரித்து, உபரியைச் சுற்றிலும் நீவிப் பரப்பிவிட்டு அந்த இடத்தை மட்டும் தையுங்கள். மாட்டாத மடிப்பை விட்டுவிடலாம்.

அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து திரும்பக் கோத்துவிடுங்கள். பாதம் இறங்கியிருந்தால் நூல் டென்ஷன் தட்டுக்குள் போய் உட்காராது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். துண்டு சேர்க்க 14ஆம் நம்பர், பஞ்சோடு தைக்க 16, மெல்லிய பட்டுக்கு 11. ஒரு போர்வைக்கு ஒரு புது ஊசி என்பது செலவே இல்லை.

சாயம்

அரக்கு, சிவப்பு, கறுப்பு மூன்றையும் சந்தேகப்பட்டே ஆகவேண்டும். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, ஒட்டினால் சாயம் நிற்கும்வரை தனியாக அலசுங்கள், நிற்கவே இல்லை என்றால் பையில் கட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர், வினிகர் என்று சொல்வார்கள், அதை நம்பி வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தைத்து முடித்த போர்வையில் சாயம் இறங்கிவிட்டால் காயவிடக் கூடாது. காய்ந்தால் கறை நின்றுவிடும். ஈரத்தோடு பெரிய டப்பில் போட்டு, வெந்நீர் நிறைய ஊற்றி, சோப்புத்தூள் தாராளமாகப் போட்டு, போர்வை முழுக்க மூழ்கும்படி ராத்திரி ஊறவையுங்கள். தண்ணீர் நிறம் மாறாமல் இருக்கும் வரை திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். பட்டுத் துண்டு இருந்தால் வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பு போதும், ராத்திரி முழுக்கவும் வேண்டாம்.

பட்டியும் பராமரிப்பும்

ஓரத்துக்கு ரெண்டரை இஞ்ச் அகலத்தில் எட்டுப் பட்டை வெட்டி, சாய்வாகச் சேர்த்து, நெடுக ரெண்டாக மடித்துத் தைத்தால் இரட்டைத் துணியாக இருக்கும். போர்வையில் முதலில் நைவது ஓரம்தான். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னாலேயே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்துக் கீழே இறக்கித் தொடங்கினால் மூலை கூராக நிற்கும். நாலைந்து வருஷத்தில் ஓரம் நைந்தால் பட்டியை மட்டும் மாற்றுங்கள். நடுவில் பட்டுத் துண்டு கிழிந்தால் பிரிக்காமல் அதன் மேலேயே ஒரு நூல் துண்டை மடித்து வைத்துக் கைத்தையல் போடலாம்.

ஈரப் போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் தையல் இழுபடும். மொட்டை மாடியில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி போடுங்கள். சேலத்து வெயில் ஒரே கோடையில் கலரைத் தின்றுவிடும். கஞ்சி போட்ட துணியில் தைத்தது என்றால் பீரோவில் வைக்கும் முன் ஒருமுறை அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வரும். மலைமேல் இருப்பவர்கள் மடித்து வைக்கும் முன் தையல் ஓரங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் அங்கேதான் தங்கும். பிளாஸ்டிக் கவரில் போடவே கூடாது. சொன்னாலும் போட்டுவிடுவார்கள் என்பதால் நாத்தனாருக்குப் போர்வை கொடுத்தனுப்பும்போது, அதை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டே அனுப்பிவிடுகிறேன்.